உணர்வில்லாத மடியில் குழந்தை

முதுகுத் தண்டுவடம் முறிந்த ஒருவரால் பிறர் உதவியின்றி எந்த அளவுக்கு வாழ முடிகிறது என்று கணக்கிட, பல நாடுகளின் மறுவாழ்வு மையங்களில் ‘ஸ்கிம்’ என்றொரு அளவுகோல் உண்டு. அதன் மூன்றாம் பதிப்பில் 19 இனங்கள், மொத்தம் 100 மதிப்பெண். சாப்பிடுவது, குளிப்பது, உடுத்துவது, பல் துலக்கித் தலைவாருவது இவற்றுக்கு 20. மூச்சு, சிறுநீர், மலம் இவற்றுக்கு 40. கட்டிலில் புரள்வது முதல் படியேறுவது வரை இடம்பெயர்வதற்கு 40. கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்கு மாறுவது, அங்கிருந்து கழிப்பறைக்கு, காருக்கு, தரையிலிருந்து மீண்டும் நாற்காலிக்கு என ஒவ்வொன்றுக்கும் தனி மதிப்பெண். பிள்ளையைத் தூக்க முடிகிறதா என்ற கேள்வி அதில் எங்கும் இல்லை.

உடல் எவ்வளவு மீண்டிருக்கிறது என்பதை அறிய அது நல்ல கருவிதான். ஆனால் மறுவாழ்வு வார்டில் கிடைக்கும் சில வாரங்களில் எதற்குப் பயிற்சி தருவது என்பதைத் தீர்மானிப்பவை இத்தகைய பட்டியல்களே. பட்டியலில் இல்லாததை அவரவர் வீட்டுக்குப் போய்த் தட்டுத்தடுமாறிக் கற்க வேண்டியிருக்கிறது. அதற்குள் உறவினர்கள் முந்திக்கொள்கிறார்கள். குழந்தை அம்மாச்சி வீட்டுக்குப் போகிறது, பெரியப்பா பொறுப்பில் வளர்கிறது, அல்லது விடுதியில் சேர்க்கப்படுகிறது. யாரும் கெட்ட எண்ணத்தில் செய்வதில்லை. ‘அவனே படுத்துக் கிடக்கிறான், அவன் எங்கே பிள்ளையைப் பார்ப்பான்’ என்ற ஒரு பேச்சில் ஒரு தகப்பன் தன் இடத்தை இழந்துவிடுகிறான். தண்டுவடக் காயம் பெற்றோராக வாழும் திறனைப் பறிப்பதில்லை. பறிப்பவை வேறு, அவற்றில் பெரும்பாலானவை தடுக்கக்கூடியவை. இந்தத் துறையின் ஆய்வுகளைப் படித்து நான் வந்து சேர்ந்த முடிவு இதுதான்.

உலகில் 1.5 கோடிக்கும் மேற்பட்டோர் தண்டுவடக் காயத்தோடு வாழ்வதாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிடுகிறது. கீழே விழுவதும் சாலை விபத்தும் முதன்மைக் காரணங்கள். நம் ஊரில் விழுவது என்றால் பனையிலிருந்து, தென்னையிலிருந்து, கட்டடச் சாரத்திலிருந்து, கைப்பிடிச் சுவர் இல்லாத மாடியிலிருந்து, பாழுங்கிணற்றுக்குள். காயமடைகிறவர்களில் ஆண்களே மிகுதி. அதிலும் இருபதுக்கும் நாற்பதுக்கும் இடைப்பட்ட வயதினர். அதாவது திருமணமாகிச் சில ஆண்டுகளே ஆன, வீட்டில் சிறு பிள்ளைகள் உள்ள, அன்றாடக் கூலியில் குடும்பம் நடத்தும் மனிதர்கள். தமிழ்நாட்டில் 2021 டிசம்பரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டம் சாலை விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையை இலவசமாகத் தருகிறது. உயிரைக் காக்கும் நல்ல திட்டம் அது. அப்படிப் பிழைத்து எழுந்த முப்பது வயதுக்காரருக்கு முன்னால் இன்னும் பல பத்தாண்டுகள் இருக்கின்றன. அவர் மகளின் பிள்ளைப்பருவம் முழுவதும் அதற்குள் அடங்குகிறது.

எங்கே முறிந்தது என்பதைப் பொறுத்தே எல்லாம் அமைகிறது. தண்டுவடத்திலிருந்து 31 ஜோடி நரம்புகள் கிளம்புகின்றன: கழுத்தில் 8, மார்பில் 12, இடுப்பில் 5, அதற்குக் கீழே 6. கழுத்தின் ஐந்தாம் நரம்பு, மருத்துவமனைப் பேச்சில் ‘சி 5’, பிழைத்திருந்தால் முழங்கையை மடக்கலாம், நிமிர்த்த முடியாது. சி 6 இருந்தால் மணிக்கட்டை மேல்நோக்கி வளைக்கலாம். அப்படி வளைக்கும்போது செயலிழந்த விரல்கள் தாமாகவே உள்நோக்கி மடங்கும். ஒரு பால் புட்டியையோ கிலுகிலுப்பையையோ பிடிக்க அந்தப் பிடி போதும். சி 7 இருந்தால் முழங்கையை நிமிர்த்தி, கையை ஊன்றி உடலைத் தூக்கிக் கட்டிலுக்கு மாறலாம். மார்பு நரம்புகள் தொடங்கும் இடத்துக்குக் கீழே முறிந்தவருக்குக் கைகள் முழுமையாக இருக்கும், ஆனால் மேல் மார்பிலேயே முறிந்திருந்தால் இடுப்பும் வயிறும் உடலை நேராகப் பிடித்து நிறுத்தா. இரு கைகளாலும் குழந்தையை ஏந்தினால் அவர் முன்பக்கமாகக் கவிழ்ந்துவிடுவார். ஒரு கையை நாற்காலியின் பின்பிடியில் கொக்கிபோல மாட்டிக்கொண்டு மறு கையால் தூக்கக் கற்க வேண்டும். ‘கால் விழுந்துவிட்டது’ என்று ஊரார் ஒற்றை வரியில் முடித்துவிடும் காயத்துக்குள் இத்தனை வேறுபாடுகள் இருக்கின்றன. ஒவ்வொரு வேறுபாடும் பிள்ளை வளர்ப்பில் ஒரு தனிச் செயல்முறையைக் கேட்கிறது.

இந்தக் கேள்வியே ஒரு காலத்தில் எழவில்லை, ஏனென்றால் இவர்கள் உயிரோடு இருக்கவில்லை. முதல் உலகப் போரில் தண்டுவடத்தில் குண்டடிபட்டவர்களில் பெரும்பாலோர் படுக்கைப்புண்ணாலும் சிறுநீர்த் தொற்றாலும் விரைவிலேயே இறந்தார்கள். நாஜி ஜெர்மனியிலிருந்து தப்பி இங்கிலாந்துக்கு வந்த நரம்பியல் மருத்துவர் லுட்விக் குட்மன், 1944 பிப்ரவரியில் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் தனிப் பிரிவு தொடங்கியபோதும் மருத்துவ உலகில் அந்த அவநம்பிக்கையே நிலவியது. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நோயாளியைத் திருப்பிப் படுக்கவைப்பதையும் சிறுநீர்ப்பையைச் சுத்தமாகக் காலி செய்வதையும் அவர் விடாப்பிடியாக நடைமுறையாக்கினார். 1948இல் 16 பேரோடு அவர் நடத்திய வில்வித்தைப் போட்டியிலிருந்துதான் பாராலிம்பிக் பிறந்தது. நம் பக்கத்தில் அந்த வேலையைத் தொடங்கியவர் தாமே காயம்பட்ட ஒரு மருத்துவர். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் மேரி வர்கீஸ் 1954இல் வாகன விபத்தில் இடுப்புக்குக் கீழே உணர்விழந்தார். சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். நியூயார்க்கில் மறுவாழ்வு மருத்துவம் பயின்று திரும்பி, 1960களில் வேலூரில் அதற்கெனத் துறையையும் உள்நோயாளி நிலையத்தையும் உருவாக்கினார்.

உயிர் நிலைத்த பிறகுதான் குழந்தை பற்றிய கேள்வி வந்தது. அதிலும் பெண்களைப் பற்றிய தவறான எண்ணம் இன்றும் மாறவில்லை. காயத்துக்குப் பிறகு சில மாதங்கள் மாதவிடாய் நின்று போகலாம், பிறகு திரும்பிவிடும். கருமுட்டை முதிர்வது மூளையும் இயக்குநீர்களும் நடத்தும் வேலை. தண்டுவடம் அதில் குறுக்கிடுவதில்லை. ஆகவே கருத்தரிக்கும் திறன் பெரும்பாலும் முன்பு இருந்தது போலவே இருக்கும். இதைச் சொல்லாமல் வீட்டுக்கு அனுப்புவதால் இரண்டு விதமான கேடு நேர்கிறது. ஒரு பெண் ‘இனி எனக்குப் பிள்ளை இல்லை’ என்று மனம் ஒடிந்துபோகிறாள்; இன்னொருத்தி வேண்டாத நேரத்தில் கருவுற்று நிற்கிறாள்.

கருவுற்றபின் கவனிக்க வேண்டியவை நிறைய. சிறுநீர்த் தொற்று அடிக்கடி வரும். வயிறு பெருக்கப் பெருக்க, கையூன்றிக் கட்டிலுக்கு மாறுவது கடினமாகும். ஒரு மாதம் போதுமானதாக இருந்த நாற்காலி அடுத்த மாதம் இறுக்கும். இறுக்கும் இடத்தில் புண் வரும். கருப்பை சுருங்கும் வலியை மூளைக்குக் கொண்டு செல்லும் நரம்புகள் மார்பின் பத்தாம் நரம்பை ஒட்டித் தண்டுவடத்துக்குள் நுழைகின்றன. அதற்கு மேலே முறிந்திருந்தால் பிரசவ வலி தெரியாமலே போகலாம். கால்கள் திடீரென வெட்டி இழுப்பது, வியர்ப்பது, மூச்சு முட்டுவது என்று வேறு வடிவில் உடல் அறிவிக்கும். அதனால்தான் ஏழாம் மாதத்திலிருந்தே கருப்பை வாயை அடிக்கடி பரிசோதிக்கச் சொல்கிறார்கள்.

இவற்றில் மிகவும் அஞ்ச வேண்டியது ஒன்று உண்டு. மார்பின் ஆறாம் நரம்பிலோ அதற்கு மேலோ முறிந்தவர்களுக்கு, கீழே ஏதேனும் உறுத்தல் நேர்ந்தால் இரத்த அழுத்தம் கட்டுக்கடங்காமல் ஏறும். நிரம்பிய சிறுநீர்ப்பை, மலச்சிக்கல், கால் நகம் உள்வளர்ந்த புண் எதுவும் தூண்டலாம். பிரசவம் எல்லாவற்றிலும் பெரிய தூண்டல். தலை வெடிக்கும்போல வலிக்கும், முகம் சிவந்து வியர்க்கும், மயிர்க்கூச்செறியும். கவனிக்காவிட்டால் மூளையில் இரத்தக் கசிவு ஏற்பட்டு உயிரே போகலாம். பிரசவ அறையில் இதைக் கர்ப்பகால இரத்த அழுத்த நோய் என்று தவறாக எண்ணிவிட வாய்ப்புண்டு. கருப்பை சுருங்கும்போது அழுத்தம் ஏறி, தளரும்போது இறங்கினால் அது பெரும்பாலும் தண்டுவடத்தின் வேலை. முதுகில் தரும் எபிடியூரல் மயக்க மருந்து இதைத் தடுக்கும். வலியே தெரியாதவருக்கு எதற்கு மயக்க மருந்து என்று கேட்கும் இடத்தில் ஒரு தாயின் உயிர் ஊசலாடுகிறது. தண்டுவடக் காயம் என்ற ஒரே காரணத்துக்காக வயிற்றைக் கிழிக்க வேண்டியதில்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். இயல்பான பிரசவம் பலருக்கும் சாத்தியம்.

ஆண்களின் நிலைமை இதற்கு நேர்மாறு. ஆண்மைக் குறைவைப் பற்றி ஊர் பேசுகிறது, மருத்துவர்கள் பேசுவதில்லை. பெரும்பாலோருக்கு விந்து தானாக வெளிப்படாது. வெளிப்பட்டாலும் உயிரணுக்களின் எண்ணிக்கை பரவாயில்லாமல் இருக்க, அவற்றின் நீந்தும் வேகம் குறைந்திருக்கும். இலண்டனில் கைல்ஸ் பிரிண்ட்லி போன்றவர்கள் 1980களின் தொடக்கத்தில் அதிர்வுக் கருவியாலும் மின் தூண்டலாலும் விந்தைப் பெறும் முறைகளை ஆராய்ந்து வளர்த்தார்கள். மார்பின் பத்தாம் நரம்புக்கு மேலே முறிந்தவர்களில் பலருக்கு அதிர்வு முறையே போதும். கருமுட்டைக்குள் ஒற்றை உயிரணுவைச் செலுத்தும் முறை 1992இல் பெல்ஜியத்திலிருந்து அறிவிக்கப்பட்ட பிறகு, வேகம் குறைந்த உயிரணுவும் தடையாக இல்லாமல் போனது. ஸ்வீடனின் மயக்கவியல் மருத்துவர் கிளாஸ் ஹுல்ட்லிங் 1984இல் தண்ணீரில் பாய்ந்தபோது கழுத்து முறிந்தவர். செயற்கைக் கருத்தரிப்பின் வழியே தந்தையானார். தண்டுவடக் காயமுற்றோருக்கான மையம் ஒன்றை ஸ்டாக்ஹோமில் நிறுவி, தந்தைமை பற்றிய ஆலோசனையை மறுவாழ்வின் பகுதியாக்க உழைத்தார். நம்மிடம் இந்தச் சிகிச்சைகள் பெருநகரத் தனியார் மையங்களில் உள்ளன. ஆனால் காயமடைந்த முதல் சில மாதங்களிலேயே ‘இதற்கு வழி இருக்கிறது’ என்று ஒருவர் சொல்வதற்குப் பணம் தேவையில்லை.

குழந்தை பிறந்த பிறகு வீடுதான் மருத்துவமனை, வீடுதான் பள்ளி. நம் வீடுகளின் வழக்கங்களில் சில இவர்களுக்குத் துணை நிற்கின்றன, சில ஆபத்தானவை. மேல்நாட்டு நூல்கள் இதைச் சொல்வதில்லை. அவை தொட்டிலின் பக்கவாட்டில் கதவு வைப்பது எப்படி, உடை மாற்றும் மேசையின் கீழே முழங்கால் நுழைய இடம் விடுவது எப்படி என்று சொல்கின்றன. நம்மிடம் மேசையும் இல்லை, அந்தத் தொட்டிலும் இல்லை. தூளி இருக்கிறது. தூளியின் உயரத்தை முடிச்சை மாற்றிக் கூட்டலாம், குறைக்கலாம். நாற்காலியில் அமர்ந்த தகப்பன் ஒரு கயிற்றைப் பிடித்து இழுத்தே ஆட்டிவிடலாம். ஆனால் துணியின் ஆழத்திலிருந்து குழந்தையை எடுக்க இரு கைகளோடு முன்னால் சாய வேண்டும். வயிற்றுத் தசைகள் வேலை செய்யாதவர் அங்கேதான் விழுவார். தூளிக்குப் பக்கத்தில் மார்பளவில் ஒரு கட்டிலோ உறுதியான பலகையோ இருந்தால், எடுப்பதற்கு முன் சாய்ந்து ஊன்ற ஓர் இடம் கிடைக்கும்.

கால்களை நீட்டி அமர்ந்து, அவற்றின்மேல் குழந்தையைக் குப்புறக் கிடத்தி வெந்நீர் ஊற்றுவது நம் பாட்டிமார் முறை. இடுப்புக்குக் கீழே உணர்வற்ற தாய் இதைச் செய்யவே கூடாது. நீரின் சூடு அவள் காலுக்குத் தெரியாது. குழந்தை வீறிடுவதற்குள் அவள் தோல் வெந்திருக்கலாம். மணைப்பலகையின் கடினம் அவள் பிட்டத்தில் புண்ணாகும், அதுவும் தெரியாது. சூடான பால் பாத்திரத்தை மடியில் வைத்துக்கொள்வதும் அப்படியே. தண்டுவடக் காயமுற்றோரின் தீப்புண்களில் இந்த வகை அடிக்கடி காணப்படுவது. கட்டிலின் உயரத்தில் ஒரு பிளாஸ்டிக் தொட்டியை வைத்து, முழங்கையால் சூடு பார்த்து, மெத்தென்ற இருக்கையில் அமர்ந்து குளிப்பாட்டலாம். ஒரு தாய் இழக்கத் தேவையில்லாத பொழுது அது.

தரை வாழ்க்கை நமக்கு ஒரு பெரும் வாய்ப்பு என்று நினைக்கிறேன். தவழும் குழந்தையோடு தரையில் இருக்கத் தெரிந்த பண்பாடு இது. தடித்த மெத்தையில் உட்கார்ந்து, சுவரில் முதுகைச் சாய்த்து, கால்களை அகற்றி வைத்து அவற்றுக்கு நடுவே குழந்தையை உட்காரவைத்தால் நாற்காலியில் வரும் விழும் பயம் இல்லை. அதற்குத் தரையிலிருந்து நாற்காலிக்குத் திரும்ப ஏறும் பயிற்சி வேண்டும். நாற்காலியில் இருக்கும்போது மடியில் பிள்ளையைக் கட்டிக்கொள்ள அகன்ற பட்டை வேண்டும். கால்கள் திடீரெனத் துள்ளும் இயல்பு பலருக்கும் உண்டு. பட்டை இல்லாமல் மடியில் வைத்த குழந்தை அந்தத் துள்ளலில் நழுவிவிடும்.

தாய்ப்பாலிலும் தண்டுவடத்துக்குப் பங்குண்டு. குழந்தை உறிஞ்சும் தொடு உணர்வு மார்பின் நான்கு முதல் ஆறு வரையிலான நரம்புகள் வழியே மூளைக்குப் போய், அங்கிருந்து பால் இறங்கச் செய்யும் இயக்குநீர் சுரக்கிறது. அதற்கு மேலே முறிந்தவருக்கு முதல் சில வாரங்கள் நன்றாக இருந்து பிறகு பால் குறையலாம். ஆனால் அந்த இயக்குநீரை மனமும் சுரக்கவைக்கும். குழந்தையைப் பார்த்துக்கொண்டு, அதன் குரலைக் கேட்டுக்கொண்டு, பால் இறங்குவதை மனத்தில் எண்ணிப் பழகிய தாய்மார்கள் மாதக்கணக்கில் பால் கொடுத்திருப்பது மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கிறது.

கலிபோர்னியாவின் பெர்க்லியில் 1982இல் மேகன் கிர்ஷ்பாம் தொடங்கிய ‘த்ரூ தி லுக்கிங் கிளாஸ்’ என்ற அமைப்பு, உடல் குறைபாடுள்ள பெற்றோரும் அவர்கள் கைக்குழந்தைகளும் பழகுவதை வீடியோவில் பதிவுசெய்து ஆராய்ந்தது. பெற்றோர் புதிய முறைகளைக் கண்டுபிடிப்பார்கள் என்பது எதிர்பார்த்ததுதான். குழந்தைகளும் அவர்களுக்கேற்பத் தம்மை மாற்றிக்கொண்டன என்பதே எல்லோரையும் நிமிர்ந்து உட்காரவைத்த செய்தி. தூக்கச் சிரமப்படும் பெற்றோர் கை நீட்டினால் குழந்தை உடலைக் குறுக்கிக் கொடுத்தது. உடை மாற்ற நேரமாகும் பெற்றோரிடம் அசையாமல் கிடந்தது. அதே குழந்தை மற்றவர்களிடம் வழக்கம்போல உதைத்துத் திமிறியது. குழந்தை யாரிடம் இருக்கிறோம் என்பதை அறிந்து நடக்கிறது. ஆனால் அப்படி அறிய அதற்கு அந்தப் பெற்றோரின் கையில் நேரம் கிடைக்க வேண்டும். அழும் குழந்தையை ஒவ்வொரு முறையும் மாமியாரோ நாத்தனாரோ ஓடிவந்து வாங்கிக்கொள்ளும் வீட்டில் இந்தப் பாடம் தொடங்குவதே இல்லை.

தண்டுவடக் காயத்தோடு வாழும் பெற்றோரின் நாளை ஆட்சி செய்வது கால்கள் அல்ல, சிறுநீர்ப்பையும் குடலும் தோலும். நான்கிலிருந்து ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை கதீட்டர் போட்டுச் சிறுநீரை எடுக்க வேண்டும். மலம் கழிக்க ஒரு மணி நேரம்கூட ஆகலாம். அதைத் தினமும் ஒரே நேரத்தில் செய்தால்தான் குடல் பழகும். நாற்காலியில் அமர்ந்திருக்கையில் சிறிது நேரத்துக்கு ஒருமுறை கையூன்றி எழும்பி இருக்கையின் அழுத்தத்தைத் தளர்த்த வேண்டும். பள்ளிக்கு அனுப்பும் காலை நேரத்தில் இவை எல்லாம் ஒன்றோடொன்று மோதுகின்றன. பிள்ளைக்காகத் தன் உடலைத் தள்ளிப்போடும் தாய் எத்தனையோ பேர். கதீட்டரை ஒருமுறை தள்ளிப்போட்டால் காய்ச்சல் வரலாம். அழுத்தத்தைத் தளர்த்த மறந்தால் புண் வரும்; ஆழமான படுக்கைப்புண் ஆற மாதங்கள் பிடிக்கும், அத்தனை நாளும் குப்புறப் படுத்தே கிடக்க வேண்டும். பெற்றோரைப் பிள்ளையிடமிருந்து பிரிப்பதில் படுக்கைப்புண்ணுக்கும் பெரும் பங்கு உண்டு. தன் உடலைக் கவனித்துக்கொள்வது சுயநலம் என்ற எண்ணத்தை இந்தக் குடும்பங்களில் முதலில் உடைக்க வேண்டும்.

இத்தனைக்கும் பிறகு பிள்ளைகள் எப்படி வளர்கிறார்கள்? பிரான்சிஸ் பக், ஜார்ஜ் ஹோமன் இருவரும் 1981இல் வெளியிட்ட அமெரிக்க ஆய்வு, தண்டுவடம் காயமுற்ற தந்தையரிடம் வளர்ந்து பெரியவர்களான பிள்ளைகளை மற்றவர்களோடு ஒப்பிட்டது. ஆளுமை, உடல் பற்றிய மனப்பிம்பம், பிறரோடு உறவு எதிலும் அந்தப் பிள்ளைகள் பின்தங்கியிருக்கவில்லை. தாய்மாரைப் பற்றிய பெரிய ஆய்வு 2002இல் வந்தது. கிரெய்க் அலெக்சாண்டரும் குழுவினரும் தண்டுவடக் காயமுள்ள 88 தாய்மாரையும் காயமில்லாத 84 தாய்மாரையும் அவர்கள் குடும்பத்தினரோடு சேர்த்து ஆராய்ந்தார்கள். பிள்ளைகளின் தன்மதிப்பிலோ பெற்றோர்மீதான மனப்பான்மையிலோ குடும்ப ஒட்டுறவிலோ பொருட்படுத்தத்தக்க வேறுபாடு இல்லை. இவை மறுவாழ்வு வசதியும் உதவித்தொகையும் உள்ள ஒரு நாட்டின் குடும்பங்கள் என்பதை மறக்கக் கூடாது. பக்கும் ஹோமனும் பின்னர் தந்தையின் வேலையும் பொருளாதாரப் பாதுகாப்பும் பிள்ளைகளை எப்படிப் பாதிக்கின்றன என்பதைத் தனி ஆய்வாக எடுத்துக்கொண்டார்கள். தமிழ்நாட்டில் யாரேனும் இந்த ஆய்வைச் செய்ய முன்வந்தால் அங்கிருந்தே தொடங்க வேண்டும் என்பேன். ஒரு பனையேறியின் வீட்டில் பிள்ளையின் படிப்பை நிறுத்துவது அப்பாவின் காலா, அப்பாவின் கூலியா என்பதைப் பிரித்தறிய வேண்டும்.

வேலையை இழந்த அப்பாக்களுக்கு இன்னொன்றும் நேர்கிறது. மனைவி வேலைக்குப் போகத் தொடங்க, வீட்டில் இருப்பவர் அப்பா. விடிகாலையில் போய் இரவில் திரும்பி, பிள்ளைகளைத் தூக்கத்தில் மட்டுமே பார்த்த மனிதர் இப்போது சோறு ஊட்டுகிறார், வாய்ப்பாடு சொல்லித்தருகிறார், பக்கத்து வீட்டுப் பையனோடு நடந்த சண்டையை விசாரிக்கிறார். இதை ஆறுதலாகச் சொல்லவில்லை. அந்தக் குடும்பம் கொடுத்த விலை பெரிது. ஆனால் மறுவாழ்வு ஆலோசகர்கள் ‘உங்கள் பழைய வேலைக்குப் பதில் என்ன வேலை’ என்று கேட்பதோடு நிற்காமல், அவர் ஏற்கெனவே செய்துகொண்டிருக்கும் இந்த வேலையையும் வேலையாக மதித்து, அதற்குப் பயிற்சி தர வேண்டும்.

ஓட முடியாத, துரத்த முடியாத, அடிக்கக் கை ஓங்க முடியாத பெற்றோரிடம் எஞ்சியிருப்பது குரல். நடிகர் கிறிஸ்டோபர் ரீவ் 1995 மே மாதம் குதிரையிலிருந்து விழுந்து, கழுத்துக்குக் கீழே எதையும் அசைக்க முடியாத நிலைக்கு வந்தபோது அவருடைய இளைய மகனுக்கு மூன்று வயதுகூட நிறையவில்லை. பின்னாளில் அந்தச் சிறுவனுக்கு அவர் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுத்தார், நாற்காலியில் அமர்ந்து வெறும் வார்த்தைகளால். எந்தக் காலை எங்கே வைப்பது, எப்போது மிதிப்பது என்று சொல்லச் சொல்லப் பையன் ஓட்டினான். நம் நாட்டு தீபா மாலிக், தண்டுவடக் கட்டிக்காக 1999இல் அறுவை சிகிச்சை செய்துகொண்டு மார்புக்குக் கீழே உணர்விழந்தார். ராணுவ அதிகாரியான கணவர் அப்போது கார்கில் போர்முனையில். வீட்டில் இரண்டு சிறு மகள்கள். அந்த மகள்களை வளர்த்த ஆண்டுகளுக்குப் பிறகே அவர் 2016 ரியோ பாராலிம்பிக்கில் குண்டு எறிதலில் வெள்ளி வென்றார். பத்திரிகைகள் பதக்கத்தை எழுதின. ஒரு சக்கர நாற்காலியிலிருந்து இரண்டு பெண்களைப் படிக்கவைத்து ஆளாக்கிய ஆண்டுகளைப் பற்றி இன்னும் விரிவாக எழுதியிருக்கலாம்.

ஒரு இடத்தில் மட்டும் எச்சரிக்கை வேண்டும். யூரின் பேக்கைக் காலி செய்வது எட்டு வயதுப் பிள்ளையின் வேலை ஆகிவிடக் கூடாது. தண்ணீர் எடுத்துத் தருவது, நாற்காலியின் பிரேக் போடுவது, செருப்பைக் கொண்டுவருவது இவை எந்த வீட்டிலும் பிள்ளைகள் செய்பவை. அப்பாவின் மலத்தைச் சுத்தம் செய்வதும் இரவில் எழுந்து திருப்பிப் போடுவதும் அப்படியல்ல. நம் வீடுகளில் இந்தச் சுமை பெரும்பாலும் மூத்த மகளின் தோளில் ஏறுகிறது. அவள் படிப்பு நிற்கும்போது ‘பொறுப்பான பெண்’ என்ற பாராட்டு மட்டும் கிடைக்கிறது. பராமரிப்பாளருக்கு அரசு தரும் உதவித்தொகை தந்தைக்கானது என்று எண்ணுகிறோம். அது உண்மையில் அந்தச் சிறுமியின் பள்ளிப்படிப்புக்கானது.

சட்டம் இவர்கள் பக்கம் இருக்கிறது, அதைத் தெரிந்தவர்கள் குறைவு. இந்தியா 2007இல் ஏற்ற ஐ.நா. மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையின் 23ஆம் பிரிவு குடும்ப வாழ்வையும் பெற்றோராகும் உரிமையையும் உறுதிசெய்கிறது. குழந்தையின் அல்லது பெற்றோரின் மாற்றுத்திறனைக் காரணமாகக் காட்டி எந்தக் குழந்தையையும் பெற்றோரிடமிருந்து பிரிக்கக் கூடாது என்று அது தெளிவாகச் சொல்கிறது. அதையொட்டி வந்த 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 9ஆம் பிரிவு இந்தப் பாதுகாப்பை மாற்றுத்திறனுள்ள குழந்தைக்குத் தருகிறது, குழந்தையின் நலனுக்காகத் தகுதியுள்ள நீதிமன்றம் ஆணையிட்டால் மட்டுமே விதிவிலக்கு. 10ஆம் பிரிவு, கருத்தரிப்பு பற்றியும் குடும்பக் கட்டுப்பாடு பற்றியும் உரிய தகவலைப் பெறுவதை உரிமையாக்குகிறது. ஒப்புதலின்றிக் கருத்தடை செய்வதைத் தடுக்கிறது. முடங்கிய மருமகளைப் பிறந்த வீட்டுக்கு அனுப்பிவிட்டுப் பேரனை வைத்துக்கொள்ளும் குடும்பத்துக்கு உடன்படிக்கையின் 23ஆம் பிரிவு இருப்பதை யார் சொல்வது? மருத்துவமனைச் சமூகப் பணியாளர் சொல்லலாம், மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் சொல்லலாம், இலவசச் சட்ட உதவி மையத்தில் சொல்லலாம்.

இந்த அறிவைச் சுமந்துகொண்டிருப்பவர்கள் ஏற்கெனவே இதைக் கடந்துவந்த பெற்றோரே. வேலூரில் மறுவாழ்வு நிலையம் ஆண்டுதோறும் ‘ரீஹேப் மேளா’ நடத்தி, முன்பு சிகிச்சை பெற்றவர்களைத் திரும்ப வரவழைக்கிறது. உடல்நிலைப் பரிசோதனையோடு விளையாட்டும் பேச்சும் நடக்கும் நாட்கள் அவை. தென்காசி அருகே ஆய்க்குடியில், 1975இல் கடற்படை அதிகாரித் தேர்வின்போது கழுத்து முறிந்த எஸ். ராமகிருஷ்ணன் 1981இல் தொடங்கிய அமர் சேவா சங்கம் கிராமங்களுக்குள் சென்று பணியாற்றுகிறது. இலங்கையின் வன்னியில் மாங்குளத்தை மையமாகக் கொண்ட ‘உயிரிழை’ அமைப்பை நடத்துவோர், முள்ளந்தண்டு வடம் பாதிக்கப்பட்டவர்களே. அங்கே போர்க்கால ஷெல் வீச்சில் காயம்பட்டவர்களில் தாய்மாரும் தந்தையரும் உண்டு. போரில் பிள்ளையை இழந்து, உடலையும் இழந்து, பிறகு மீண்டும் பெற்றோரானவர்களுக்கு எந்த மருத்துவ நூலும் சொல்லாத பாடங்கள் தெரியும். இத்தகைய கூடல்களில் இளம் பெற்றோருக்கென ஒரு அமர்வை ஒதுக்கி, மூத்தவர் ஒருவர் தன் குழந்தையை எப்படித் தூக்கினார் என்று செய்துகாட்டினால் வார்டில் ஒரு மாதம் கற்பதைவிட அதிகம் கற்கலாம். வார்டிலேயே குழந்தையை அழைத்துவர அனுமதித்து, பிசியோதெரபிஸ்ட் பக்கத்தில் நிற்க, முதல் முறை தூக்குவதை அங்கேயே செய்து பார்க்கலாம்.

பள்ளி கடைசித் தடை. தமிழ்நாடு அரசு தரும் இணைப்புச் சக்கர ஸ்கூட்டரிலோ பேட்டரி நாற்காலியிலோ பிள்ளையைப் பள்ளி வாசல் வரை கொண்டுவந்து விடும் தகப்பன், பெற்றோர் கூட்டம் மாடியில் என்றால் வாசலிலேயே நின்றுவிடுகிறார். அடுத்த முறையிலிருந்து சித்தப்பா போகிறார், கையெழுத்தும் அவர் போடுகிறார். கட்டாயக் கல்விச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராக இருக்க வேண்டும். சக்கர நாற்காலியில் வரும் ஒரு தாயோ தந்தையோ அதில் உறுப்பினராக அமர்ந்தால், கூட்டம் கீழ்த்தளத்துக்கு இறங்கிவரும், வாசலில் சாய்தளம் வேண்டும் என்ற தீர்மானம் குழுவின் பதிவேட்டில் ஏறும். அந்தச் சாய்தளத்தில் அடுத்த ஜூனில் காலிப்பர் போட்ட ஒரு மாணவியும் ஏறி வருவாள்.